இரவல் கொப்பி

எங்கள் இளைஞர் கழகத்தின் அலுமாரியில் நீல மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. அதன் முதலாவது பதிவு இப்படித் தொடங்குகிறது: "லுமாலா சைக்கிள். பெண்பிள்ளைகள் ஓடுவது. பெல் இல்லை. எடுத்தது காலை 5.40. கொடுத்தது மாலை 6.15. பின் சில்லுக்குக் காற்றுப் போதாது." 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கை தன் கையால் எழுதிய வரிகள் அவை.

நாட்டில் எரிபொருளைக் கியூ.ஆர். குறியீட்டுக்கு அளந்து கொடுத்த காலம் அது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று ஆரம்பத்தில் நிர்ணயித்திருந்தார்கள். பாலையூற்றிலிருந்தும் அன்புவழிபுரத்திலிருந்தும் திருகோணமலை நகருக்கு ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளை ஏற்றி இறக்கிய முச்சக்கர வண்டிகள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. பஸ்ஸை நம்பிப் புறப்பட்டால் வகுப்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கடையில் புதிய சைக்கிளின் விலையோ, கூலிக்குப் போகிற குடும்பம் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற அளவுக்கு ஏறியிருந்தது. அதே நேரத்தில் எங்கள் ஒழுங்கைகளில் எத்தனையோ வீடுகளின் கோடிப்புறங்களில், கட்டாருக்குப் போன மகனுடையதும் கலியாணமாகி வவுனியாவுக்குப் போன மகளுடையதுமாகச் சைக்கிள்கள் காற்றிறங்கிச் சாய்ந்து கிடந்தன. வீடு வீடாகக் கேட்டு ஏழு சைக்கிள்களைச் சேர்த்தோம். இரண்டைக் கழற்றி உதிரிப்பாகம் எடுத்து, மிகுதி ஐந்தையும் ஓடக்கூடியவையாக்கினோம். அந்த ஐந்தும் அந்த வருடம் முழுவதும் ஓடின.

நாங்கள் செய்ததற்குப் பகிர்வுப் பொருளாதாரம் என்றொரு பெயர் உண்டு என்பதைப் பின்னரே வாசித்து அறிந்தேன். ஒருவரிடம் சும்மா கிடக்கும் பொருளையோ இடத்தையோ நேரத்தையோ, அது தேவைப்படுகிற இன்னொருவர் சொந்தமாக வாங்காமலே பாவிப்பதற்கு வழிசெய்து, அதன் பயனை இருவரும் அடைவதுதான் அதன் சாரம். உலகம் அறிந்த உதாரணங்கள் இன்று பெரிய நிறுவனங்களாகிவிட்டன. 2007ஆம் ஆண்டு ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வீட்டு வாடகையைக் கட்டத் திணறிய இளைஞர் இருவர், மாநாடொன்றுக்காக நகரத்துக்கு வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டில் காற்றடைத்த மெத்தைகளை விரித்துக் கொடுத்ததிலிருந்து பிறந்ததே, வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் செயலியான ஏர்பிஎன்பி. இரண்டு இளைஞரின் நெருக்கடியிலிருந்து பிறந்தது என்பதால் அந்தத் தொடக்கம் எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது. ஆனால் அதே ஏற்பாடு உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வந்து சேர்ந்தபோது, அதனால் யார் பயனடைந்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் வெள்ளைக்காரர் வருவார்கள், புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும், அறைகள் நிறையும். அறை யாரிடம் இருக்கிறதோ அவருக்கே அந்தச் செயலியில் இடமுண்டு. என்னுடைய கழகத்துப் பிள்ளைகளில் எவருக்கும் அறை இருக்கவில்லை. அவர்கள் அந்த அறைகளின் விரிப்பை மாற்றவும் முற்றத்தைக் கூட்டவும் போனார்கள், வாடைக்காற்று தொடங்கியதும் வீட்டுக்கு வந்தார்கள்.

இதை நான் யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. கடன் வாங்கி இரண்டு அறை கட்டி, தன் உழைப்பால் அதை நிலைநிறுத்திய குடும்பங்களை எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு செயலி ஓர் இளைஞனைச் சேர்த்துக்கொள்வதற்கு முன், அவனிடம் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறது: வீடு, வாகனம், வங்கி அட்டை, முன்னே வந்துபோனவர்கள் இட்ட நட்சத்திரங்கள். வங்கிக்குப் போனால், பெரும்பாலும் இரண்டு அரச உத்தியோகத்தர்களின் பிணையைக் கேட்பார்கள். சம்பூரில் 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, ஒன்பது வருடத்துக்குப் பிறகு காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்த குடும்பங்களில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அரச உத்தியோகத்தில் எத்தனை உறவினர் இருப்பார்கள்? உறுதியில்லாமல் அரச அனுமதிப்பத்திரத்தில் மட்டும் இருக்கும் காணியை எந்தக் கடனுக்கு ஈடு வைப்பது? பதினெட்டு வயதில் அவர்களில் பலருடைய கையில் இருப்பது தேசிய அடையாள அட்டை மட்டுமே.

செயலிக்குள் நுழைந்த பிறகும் காலுக்குக் கீழ் நிலம் உறுதியாவதில்லை. ஊபர் சாரதிகள் சுயதொழில் செய்பவர்களல்ல, தொழிலாளருக்குரிய குறைந்தபட்ச உரிமைகள் உடையவர்களே என்று பிரித்தானியாவின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில். அந்த ஒரு வரிக்காக அங்கேயே சாரதிகள் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போய், மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி சுமக்கிற தம்பிமார், விழுந்து கால் முறிந்தால் அன்றிலிருந்து வருமானமில்லை என்பதை அறிந்துகொண்டேதான் ஓடுகிறார்கள்.

ஆகவே இளைஞருக்கு உதவக்கூடிய பகிர்வு என்று ஒன்று இருந்தால், அது பொருளைப் பகிர்வதற்கு முன்னர் பிணையைப் பகிர்வதாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். "இந்தப் பிள்ளையிடம் கொடுங்கள், திரும்பி வரும், வராவிட்டால் நாங்கள் பொறுப்பு" என்று சொல்வதற்கு ஒரு கூட்டம் வேண்டும். இளைஞர் பணி என்று நாங்கள் செய்கிற பலவற்றுள், தலைமைத்துவப் பயிற்சி, விழிப்புணர்வுக் கருத்தரங்கு, சிரமதானம் ஆகிய எல்லாவற்றையும் விட, இந்த ஒன்றே அவர்களுக்கு மிகக் குறைவாகக் கிடைத்திருப்பது. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைக்கப்பட்டதிலிருந்து கிராமம் தோறும் இளைஞர் கழகங்கள் இருந்து வருகின்றன. பதிவுப் புத்தகம், தலைவர், செயலாளர், பொருளாளர், மாதக் கூட்டம் என்று பிணை நிற்பதற்கு வேண்டிய கட்டமைப்பு முழுவதும் அங்கே ஏற்கெனவே உண்டு. அதை விளையாட்டு விழாவுக்கு மட்டும் பாவித்துவந்தோம்.

சைக்கிளுக்குப் பிறகு மற்றப் பொருட்களையும் சேர்க்கலாம் என்று நாங்கள் எண்ணியபோது குறுக்கே நின்றது பணத் தட்டுப்பாடு என்று பலர் நினைக்கக்கூடும். குறுக்கே நின்றது வெட்கம். எங்கள் பேச்சில் 'இரவல்' என்ற சொல்லுக்கு ஒரு குனிவு உண்டு. "இரவல் சீலையை நம்பி இடுப்புச் சீலையை எறிந்தாளாம்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டில் ஏணி கேட்க வேண்டியிருந்தால், பெரியவர்கள் போகமாட்டார்கள். வீட்டிலுள்ள கடைக்குட்டியை அனுப்புவார்கள். கேட்ட பொருளைக் கொடுக்க முடியாதென்று சொல்வதும் கடினம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதோ அதைவிடக் கடினம். இப்படி இரண்டு பக்கமும் மனம் குறுகுவதைத் தவிர்ப்பதற்காகவே, வருடத்தில் நான்கு நாள் மட்டும் வேண்டிய மண்வெட்டியை ஒவ்வொரு வீடும் வாங்கி வைத்திருக்கிறது.

ஆனால் இதே ஊரில் சீட்டுக்கு வெட்கமில்லை. பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் ஐயாயிரம் போட்டால், குலுக்கலில் பெயர் விழுந்தவர் ஐம்பதாயிரத்தைத் தலைநிமிர்ந்து வாங்கிக்கொண்டு போகிறார். அது எவருடைய தயவுமல்ல, அவருடைய முறை. எனவே நாங்கள் பொருளைச் சீட்டாக்கினோம். ஒவ்வோர் அங்கத்தவரும் மாதம் 100 ரூபாய் போடுவது, அந்தப் பணத்தில் பொருட்களைப் பழுது பார்ப்பது, 100 ரூபாய் போட்ட எவரும் கேட்டு வாங்கத் தேவையில்லாமல் கொப்பியில் எழுதிவிட்டு எடுத்துச் செல்வது என்று ஒழுங்கு செய்தோம். மூன்றாம் மாதத்திலிருந்து பிள்ளைகள் 'இரவல்' என்று சொல்வதை விட்டுவிட்டு 'என்ட முறை' என்று சொல்லத் தொடங்கினார்கள். கொப்பிக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தையல் இயந்திரம். இருட்டிய பிறகு பெண்பிள்ளைகளைக் கழகத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள், பகலில் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் வேலை இருக்கிறது. பிள்ளை இயந்திரத்திடம் வர முடியாவிட்டால் இயந்திரம் பிள்ளையிடம் போகட்டும் என்று, பெயர்களைக் குலுக்கிப் போட்டு, பத்து நாளுக்கு ஒரு வீடாக அதை அனுப்பினோம். பாடசாலை தொடங்குகிற மாதத்தில் யாருக்கு முறை விழுகிறதோ, அவர் அயலுக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுத்துக் கையில் காசு பார்ப்பார். அந்த மாதத்து முறையை விட்டுக்கொடுக்கச் சொல்லி அடுத்தவர் பேரம் பேசுவதும் நடக்கும், அதற்கும் கொப்பியில் பக்கம் உண்டு. இதை எழுதும்போது, நகரத்துக்கு வெளியே ஒரு கட்டடத்தில், உதவி நிறுவனமொன்று வழங்கிய பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படாமல் பூட்டிய அறைக்குள் இருந்ததை நான் கண்ணால் கண்டதும் நினைவுக்கு வருகிறது. திறப்பு இடமாற்றம் பெற்றுப் போன ஒருவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு இயந்திரங்கள், ஒரு திறப்பு. எங்களிடம் இருப்பது ஓர் இயந்திரம். அதை இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மிதித்துவிட்டார்கள்.

அடுத்து, ட்ரில் பற்றி எழுத வேண்டும். நாங்கள் எல்லோரும் ஏதாவது கற்றுக்கொண்டது அதனால்தான்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் தன்னுடைய துளையிடும் இயந்திரத்தைப் பெட்டியோடு கழகத்துக்குத் தந்தார். புதியதைப் போலவே இருந்தது. அதை எடுத்துப் போனவர்களுள் ஒரு தம்பி, சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் வீட்டோடு இருந்தவன், பத்தொன்பது வயது. வீட்டு ஜன்னலுக்குக் கம்பி பொருத்துவதற்காகக் கொண்டுபோனான். மறுநாள் கொண்டுவர வேண்டியதை நான்கு நாளாகியும் கொண்டுவரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவனுடைய தங்கை, ஒன்பது வயதிருக்கும், இயந்திரத்தை உரப் பையொன்றில் சுற்றிக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, "அண்ணா வேலைக்குப் போயிட்டார்" என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடிப்போனாள். பையைத் திறந்தபோதே எரிந்த மணம் வந்தது.

அன்று மாலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் கோபம். முழு விலையையும் கட்ட வேண்டும் என்றார்கள் சிலர், பெயரை வெட்ட வேண்டும் என்றார்கள் சிலர். எனக்கும் அவன் நேரில் வராததில் மனம் நொந்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை. அப்போது கொப்பி எழுதும் தங்கை எழுந்து, அவன் எடுத்துப் போன பக்கத்தை விரித்துக் காட்டினாள். "ட்ரில் ஒன்று, பெட்டியுடன், அலகு ஐந்து" என்று மட்டும் எழுதியிருந்தது. கொங்கிரீட்டில் துளைக்கும்போது பக்கத்திலுள்ள ஆளியைச் சுத்தியல் குறிக்குத் திருப்ப வேண்டும், சிறிது நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பதை யார் அவனுக்குச் சொன்னீர்கள் என்று கேட்டாள். எவரும் சொல்லியிருக்கவில்லை. அங்கிருந்தவர்களில் பாதிப்பேருக்கு அது தெரிந்திருக்கவும் இல்லை. அவன் ஜன்னலுக்கு மேலுள்ள கொங்கிரீட் வளையில் வெறும் சுழற்சியில் வைத்து அழுத்தி, மோட்டாரை எரித்திருக்கிறான்.

இரண்டு மணி நேரம் பேசி, பழுது பார்க்கும் செலவில் பாதியைக் கழகம் ஏற்பது, மறுபாதியை அவன் ஏற்பது, ஒரு மாதத்துக்கு மின்சாரத்தில் ஓடும் பொருள் எதையும் அவன் எடுக்காமலிருப்பது, அங்கத்துவம் அப்படியே தொடர்வது என்று தீர்மானித்தார்கள். தீர்மானத்தைச் சொல்ல நானும் கொப்பித் தங்கையும் அவனுடைய வீட்டுக்குப் போனோம். அவனுடைய தாயார் தேநீர் ஊற்றித் தந்தபோது கை நடுங்கியதைக் கண்டேன். முழு விலையையும் கேட்க வந்திருக்கிறோம் என்று எண்ணிக் காதுத்தோட்டைக் கழற்றி வைத்திருந்தார்.

நகரத்திலுள்ள மோட்டார் வைண்டிங் கடைக்காரர் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுருளான ஆமேச்சர் போய்விட்டது, திரும்பச் சுற்ற வேண்டும் என்றார். தன்னுடைய பாதிக்கு அவனிடம் காசில்லை என்று அறிந்ததும், "இரண்டு கிழமை காலையில வந்து எனக்கு உதவியா நில்லு தம்பி, கணக்கைத் தீர்ப்பம்" என்று சொன்னார். அவன் மூன்று மாதம் நின்றான். செம்புக் கம்பியின் தடிப்பை விரலால் தடவியே இலக்கம் சொல்லப் பழகினான். தண்ணீர் மோட்டார்களைத் தனியாகச் சுற்றத் தொடங்கினான். தொழிற்றகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் படிவமும் எடுத்து வைத்தேன். அந்த வேளையில்தான் கட்டாருக்கு விசா சரிவந்தது, போய்விட்டான். அவனைப் போகவேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த வீட்டின் கடனை நான் கட்டப்போவதில்லை. ஆனாலும் அந்தப் படிவம் இன்னும் என் மேசை இலாச்சியில் கிடக்கிறது.

போவதற்கு முதல்நாள் கழகத்துக்கு வந்தவன், ட்ரில் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் கறுப்பு மார்க்கரால் எழுதினான்: "கொங்கிரீட் என்றால் சுத்தியல் குறியில் வைக்கவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆறவிடவும். மணம் வந்தால் உடனே நிற்பாட்டவும்." அதற்குப் பிறகு எங்கள் பொருள் ஒவ்வொன்றிலும் அப்படியொரு குறிப்பு இருக்கிறது. முதன்முறையாக எடுப்பவருக்கு, முன்னர் பாவித்த ஒருவர் பக்கத்தில் நின்று ஓட்டிக் காட்டிய பிறகே கொப்பியில் கையெழுத்து.

அமெரிக்காவின் பேர்க்லி நகரப் பொது நூலகம் 1979ஆம் ஆண்டிலிருந்து புத்தகத்தைப் போலவே கைக்கருவிகளையும் இரவல் கொடுத்து வருகிறது என்பதை அறிந்தபோது மகிழ்ந்தேன். ஆனால் எங்களுக்கு வேண்டிய பாடம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் யாருடைய சொத்துமில்லை, வலை ஒருவருடையது, இழுப்பவர்கள் பலர், பட்டது பங்காகிறது. எந்த வலை எந்தப் பாட்டில், அதாவது கரையின் எந்தத் துண்டில், எப்போது இறங்கலாம் என்பதற்கு முறை இருக்கிறது. பொதுவளங்களை மக்கள் தாங்களே ஒழுங்கமைத்துக் காப்பதை ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியான எலினோர் ஒஸ்ட்ரொம், எங்கள் தீவின் தென்கரையிலுள்ள மாவெல்ல என்ற மீனவக் கிராமத்தின் கரைவலையைத் தன் உதாரணங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். அது தோற்றுப்போன உதாரணம். அங்கும் முறை இருந்தது, அழகான முறை. ஆனால் புதிய வலைகள் வந்து சேர்வதைக் கட்டுப்படுத்த அவர்களால் முடியவில்லை. வலைகள் கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் முறை வருவது அரிதாகி, பங்கு ஒன்றுக்கும் போதாமற் போயிற்று.

இதை வாசித்த பிறகு நான் கழகத்தில் ஒரு விடயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். அங்கத்தவர் தொகையைக் கூட்டிக் காட்டும்படி மேலிடங்களிலிருந்து கேட்கும் போதெல்லாம், பொருளுக்கு ஏற்ற அளவில்தான் ஆட்களைச் சேர்ப்போம் என்று சொல்கிறேன். ஒரு தையல் இயந்திரத்துக்கு ஐம்பது பெயரை எழுதினால், கடைசிப் பெயருக்குப் பதினாறு மாதத்துக்கு முறை வராது. அதற்குள் அந்தப் பிள்ளை எங்களை நம்புவதை விட்டிருப்பாள்.

ஒஸ்ட்ரொம் எடுத்துக்கொண்ட இன்னோர் இலங்கை உதாரணம் கல்லோயா இடதுகரை நீர்ப்பாசனத் திட்டம். இளைஞர் பணியில் இருக்கிறவர்கள் எல்லோரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1981ஆம் ஆண்டு, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அந்த வாய்க்கால்களின் ஊர்களில் போய்த் தங்கச் செய்தன. அவர்களுடைய வேலை கட்டளையிடுவதன்று. விவசாயிகளோடு பேசி, வாய்க்காலைத் துப்புரவாக்கவும் தண்ணீரை முறை வைத்து விடவும் அவர்களையே ஒழுங்குபடுத்தத் தூண்டுவது. வாய்க்கால் தொடங்கும் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களவர், அது முடியும் வாலில் பெரும்பாலும் தமிழ் பேசுபவர். அந்த வருடத்துத் தட்டுப்பாட்டிலும் தலைப்பகுதிக்காரர் கீழே தண்ணீரை விட்டார்கள். ஆனால் அந்த இளைஞர்களுடைய வேலை நிரந்தரமற்றது. ஆசிரியர் நியமனமும் வேறு நிரந்தர உத்தியோகமும் கிடைத்தவுடன் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள், புதியவர்களைத் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. என் மேசை இலாச்சியிலுள்ள படிவத்தின் கதைதான் அங்கேயும். கொப்பியை ஒருவரே எழுதாமல், மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றி எழுதும் வழக்கத்தை நாங்கள் அதிலிருந்தே எடுத்தோம். ஒருவர் போனாலும் கணக்குப் போகாது.

நேரத்தையும் பகிர முயன்றோம். ஒருவர் செய்யும் ஒரு மணி நேர உதவியை வரவு வைத்து, அவருக்கு வேண்டியபோது இன்னொருவரின் ஒரு மணி நேரமாகத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை, ஜப்பானின் ஒசாக்காவில் தெருக்கோ மிசுஷிமா என்ற பெண்மணி 1973ஆம் ஆண்டிலேயே தொடங்கினார். எங்களிடம் அது ஓடவில்லை. ஆங்கிலம் பேசப் பழக்கக்கூடியவர் இருவர், பழக விரும்பியவர் நாற்பது பேர். அந்த இருவருடைய வரவு நிறைந்து வழிந்தது, அவர்களுக்குத் தேவையான எதையும் மற்றவர்களால் கொடுக்க முடியவில்லை. தேங்காய் பறிப்பதற்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே மணிக் கணக்கா என்ற கேள்வியும் வந்தது. ஒரே கணக்குத்தான் என்று நான் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். ஆனால் கூட்டம் ஏற்கவில்லை. விட்டுவிட்டோம்.

இடம் கிடைத்ததுதான் எங்களுக்குப் பெரிய ஆறுதல். இளைஞர் பணியில் காசை விழுங்குவது வாடகை. எங்கள் பகுதியிலுள்ள முன்பள்ளி நண்பகலோடு பூட்டப்படுகிறது. மாலையில் அந்த மண்டபத்தை எங்களுக்குத் தருவதாகப் பெற்றோர் சங்கம் ஒத்துக்கொண்டது. பதிலுக்குக் கூரையைப் பழுது பார்ப்பதும் மலசலகூடத்தைச் சுத்தமாக வைப்பதும் எங்கள் பொறுப்பு. சின்னக் கதிரைகளில் வளர்ந்த பிள்ளைகள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் மின்விசிறியும் மின்விளக்கும் உள்ள ஓர் இடம் மாலை ஆறு மணிக்கு அவர்களுக்குத் திறந்திருக்கிறது. ஒழுங்கை முடக்குகளில் என்னென்ன விற்கிறார்கள் என்பதை அறிந்த எந்தத் தாய்க்கும் அதன் பெறுமதி தெரியும்.

இப்போது மூன்று கழகங்கள் சேர்ந்திருக்கிறோம்: எங்களுடையது, கிண்ணியாப் பக்கத்தில் ஒன்று, கந்தளாய்ப் பக்கத்தில் ஒன்று. கூடாரம் ஒன்று, பிளாஸ்டிக் கதிரை நூறு, ஒலிபெருக்கித் தொகுதி ஒன்று, இவை மூவருக்கும் பொது. இந்த யோசனையை முதலில் சொன்னவர் கிண்ணியாக் கழகத்து நானா ஒருவர். "உங்களுக்குத் தைப்பொங்கல், சிவராத்திரி. எங்களுக்கு நோன்பும் பெருநாளும். அவங்களுக்கு வெசாக், பொசொன். ஒரே நாளில ஒரே கூடாரம் எப்ப தேவைப்படுது, சொல்லுங்க பாப்பம்?" என்று கேட்டார். நாட்காட்டியை விரித்துப் பார்த்தோம். நோன்பு மாதம் வருடத்துக்குப் பதினொரு நாளளவில் முன்னே நகர்ந்து வருவதால் எப்போதாவது மோதக்கூடும், ஆனால் பெரும்பாலும் அவர் சொன்னது சரி. எங்கள் மாவட்டத்தில் மூன்று சமூகங்கள் இருப்பது எத்தனையோ முறை துயரத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அன்று அதே காரணத்தால் ஒரு கூடாரம் மூன்று கூடாரத்தின் வேலையைச் செய்யுமென்று கணக்கில் கண்டோம்.

களஞ்சியம் கிண்ணியாவில், மழை ஒழுகாத இடம் அவர்களிடமே இருந்தது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதால் இன்று லொறி நேரே போகிறது. அதற்கு முன்னர் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாகனங்கள் வரிசையில் காத்திருந்து கடந்த காலத்தில் இப்படி ஓர் ஏற்பாட்டை எண்ணியே பார்த்திருக்க முடியாது. லொறிக் கூலியை எடுப்பவர் கொடுக்கிறார்.

சிக்கல் சித்திரையில் வந்தது. தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாளில் புதுவருடம். எங்களுக்கும் கூடாரம் வேண்டும், கந்தளாய்க்கும் வேண்டும். நாங்கள் முதலில் எழுதிவிட்டோம் என்றோம். சென்ற முறையும் உங்களுக்கே விட்டுத்தந்தோம் என்றார்கள் அவர்கள். குரல்கள் உயர்ந்தன, என் குரலும் உயர்ந்தது. இரண்டு பக்கத்திலும் சேராத நானாவின் வீட்டு விறாந்தையில் மறுபடி கூடினோம். பிளேன்ரீயும் சீனிச்சம்பல் பணிஸும் வந்தன. எங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்குச் சிங்களம் தெரியும், அவர்களில் ஒரு தங்கைக்குத் தமிழ் தெரியும். அவர்கள் இருவரும் மாறி மாறிச் சொல்ல, கயிறிழுத்தலும் முட்டியுடைத்தலும் புதுவருட நாளிலேயே நடக்க வேண்டுமென்று கட்டாயமில்லை, வார இறுதிக்குத் தள்ளலாம் என்று எங்கள் கழகத்தின் பொருளாளரே முன்வந்து சொன்னார். அடுத்த வருடம் முன்னுரிமை எங்களுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

கொப்பியின் அந்தப் பக்கம் தமிழிலும் சிங்களத்திலுமாக இருக்கிறது: "கூடாரம் ஒன்று, கதிரை 100, ஒலிபெருக்கி ஒன்று. ஏப்ரல் 12 முதல் 15 வரை கந்தளாய். 18 முதல் 20 வரை திருகோணமலை. கயிறு ஒன்று குறைவு, கந்தளாய் வாங்கித் தரும்."